தேசிக்காய் நிறத்தில் ஒரு வானம்

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் ஐஸ் மழை. பஸ் தரிப்பிடத்தில் ஒரு ஆள் வழுக்கி விழுந்தார். எழும்பியதும் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

பிரெஞ்சு வகுப்பு. ரீச்சரை எல்லாரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பளித் தொப்பிக்குள் பெயர்களைச் சுருட்டிப் போட்டு எடுக்கச் சொன்னார். ஆளுக்கொரு பிரெஞ்சுக் கலைஞர். அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பிரெஞ்சில் பேச வேண்டும். என் கைக்கு வந்த பெயரை வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. காமிக்ஸ் வரைபவர், புத்தகங்களுக்குப் படம் போடுபவர், ஓவியர். பெண். இப்போது எழுபதுக்கு மேல். பெயரை இங்கே முழுதாக எழுத மாட்டேன். லூ. என்று மட்டும்.

காரணம் அப்பா. மே முதலாம் திகதி எங்கள் ஹியரிங். அகதிகளாக ஏற்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பது அதில்தான். எழுதிக் கொடுத்ததும் வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று லோயர் சொன்னாராம். அப்பா அதை வீடு முழுவதற்குமான சட்டம் ஆக்கிவிட்டார். "ஹியரிங் முடியுமட்டும் ஒருத்தரும் ஒரு இடத்திலயும் ஒண்டும் எழுதக்கூடாது. ஒரு கெட்ட பேரும் வரக்கூடாது." அம்மா சாமான் லிஸ்ட்கூட எழுதுவதில்லை. மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார், உப்பை மறந்துவிட்டு வருகிறார்.

நான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நித்திரை வருவதில்லை. தமிழில்தான், ஏனென்றால் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் அபிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அபி பெரியம்மாவின் மகள், இங்கேயே பிறந்தவள். இது பெரியம்மாவின் வீடு. அப்பாவும் அம்மாவும் கீழே பேஸ்மென்றில்.

ஏப்ரல் 9, வியாழன்

ஐஸ் கரைந்து வீதியெல்லாம் சேறு. சப்பாத்து நனைந்தது.

மதாம் லூ.வின் புத்தகங்களைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து இரவல் தந்தார். நல்ல மனுசி. வகுப்பில் மற்றவர்கள் நாலாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு படிக்கிறார்கள். நான் வந்தே இரண்டு வருடம் ஆகவில்லை. படம் போட்ட புத்தகம் என்றால் எனக்குப் பாதி விளங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதுவரை சேர்த்தது:

பதினேழு வயதில் ஒரு காமிக்ஸ் ஸ்டூடியோவில் வேலை. என்ன வேலை? எங்கும் இல்லை.
பிறகு சிறுவர் சஞ்சிகைகளுக்குப் படங்கள். எலிகள், சைக்கிள்கள், ஏராளமான மரக்கறி.
பிறகு சொந்தத் தொடர். மலைக் கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் ஒரு பெண். ஆறு புத்தகம்.
ஆறாவதோடு நிறுத்தம். கதை பாதியில். அவள் ஒரு பாலத்தில் நிற்கிறாள், கையில் கடிதம், அவ்வளவுதான்.
பிறகு பெரிய கன்வஸ்களில் ஓவியம். வெறும் வானம். ஆள் இல்லை, வீடு இல்லை.
இப்போது, வயதான பிறகு, மறுபடி ஒரு காமிக்ஸ்.

இதில் இரண்டு ஓட்டை. பதினேழு வயதில் என்ன செய்தார்? கதையை ஏன் பாதியில் விட்டார்?

அபி லைட்டை அணைக்கச் சொல்கிறாள். கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். பெரியம்மா புதுவருடத்துக்குப் பலகாரம் சுடத் தொடங்கிவிட்டார். வீடு முழுக்க எண்ணெய் மணம், என் கொப்பியிலும்.

கண்டுபிடித்தேன்.

லூ.வின் படங்களில் பின்னேர வானம் வரும்போது, மலைக்கு மேலே மெல்லிய ஒரு கீற்று இருக்கும். நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. பழுக்கத் தொடங்கும் தேசிக்காயின் நிறம், பச்சை மஞ்சளாக மாறும் நேரம். மற்றவர்களின் காமிக்ஸில் பார்த்தேன், அப்படி ஒரு கீற்று எவருக்கும் இல்லை.

நேற்று எங்கள் நூலகத்தில் பிரெஞ்சுத் தட்டு முழுவதையும் கிளறினேன். பழைய விமானிக் கதை ஒன்று இருக்கிறது. வரைந்தவர் ஓர் ஆண், பெ. என்று வைக்கிறேன். நிறையப் பாகங்கள். எல்லாவற்றிலும் வானம் பொம்மைக்கு அடித்த மாதிரி ஒரே நீலம். ஒரு பாகத்தில் மட்டும், விமானம் பாலைவனத்தில் இறங்கும் பக்கத்தில், அந்தத் தேசிக்காய்க் கீற்று! அச்சான வருடத்தைப் பார்த்தால் லூ.வுக்கு அப்போது பதினெட்டு வயதாக இருக்கும்.

அட்டையில் பெ.வின் பெயர் மட்டும். உள்ளேயும் அவர் பெயர் மட்டும்.

அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று வாசித்தேன். கறுப்புக் கோடுகள் கண்ணாடி போன்ற ஒரு தாளில். அதே படத்தை மங்கிய நீலத்தில் வேறொரு தாளில் அச்சடித்து அதன்மேல் இன்னொருவர் வர்ணம் தீட்டுவார். பிறகு ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அச்சு. வர்ணம் தீட்டியவரின் பெயரைப் போடுவதில்லை. பெரும்பாலும் அது பெண்பிள்ளைகள் செய்த வேலை.

இன்னொன்று. தபால்காரியின் ஆறாவது புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். அதில் வானம் முழு நீலம். ஒரு பக்கத்திலும் கீற்று இல்லை.

விமானிப் புத்தகத்தை அப்பாவின் நூலகக் கார்டில் எடுத்து வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புதுவருடம். பொங்கல், கைவிசேடக் காசு, பிறகு பஸ், பிறகு அல்ஜிப்ரா.

இந்தச் சனிக்கிழமை டவுன்ரவுனில் ஒரு பிரெஞ்சுப் புத்தகக் கடைக்கு லூ. வருகிறாராம். மதாம் சொன்னார். நேரில்! என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஏப்ரல் 18, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

உடுப்புப் பார்க்க மோலுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னோம். பொய். அபி கூட்டிக்கொண்டு போவதற்குக் கூலி, ஒரு மாதத்துக்கு அவளுடைய உடுப்பை நான் மடிக்க வேண்டும். பஸ், பிறகு சப்வே. சப்வேயில் அபி தூங்கிப்போனாள், நான் பிரெஞ்சு வசனத்தைப் பாடமாக்கினேன்.

கடைக்குள் நீண்ட வரிசை. இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, எனக்கு அது தெரியாது. கையெழுத்து மட்டும் இல்லை. ஒவ்வொருவருடைய புத்தகத்திலும் முதல் வெள்ளைப் பக்கத்தில், கேட்பவருக்காகவே ஒரு படம் போட்டுத் தருவார்கள். சும்மா. லூ. சின்ன வர்ணப் பெட்டியும் தூரிகையும் ஒரு குவளை தண்ணீரும் வைத்துக்கொண்டு, பெயரைக் கேட்டுக் கேட்டு வரைந்துகொண்டிருந்தார். அதனால்தான் வரிசை நகரவே இல்லை. எல்லாருடைய கையிலும் அவருடைய புதிய புத்தகம். என் கையில் பெ.வின் பழையது.

கட்டையான ஆள். வெட்டிய நரைமயிர். விரல் நகங்களுக்குள் நீலம்.

நான் பாலைவனப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தேன். கீற்றைத் தொட்டுக் காட்டி, பாடமாக்கியதில் கடைசித் துண்டு மட்டும் வாயில் வந்தது. "செ வூ?" இது நீங்களா?

கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

யார் சொன்னது என்று மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்தேன் என்றேன். பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். இது நான், இது நான், இதுவும். ஓரிடத்தில் நின்று, இது நான் இல்லை, அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல் என்றார். பெ. அந்தக் கீற்றைக் கவனிக்கவே இல்லையாம். கவனித்திருந்தால் அழிக்கச் சொல்லியிருப்பாராம்.

நான் இரண்டாவது ஓட்டையையும் கேட்டேன். ஆறாவது புத்தகத்தில் ஏன் இல்லை? இப்போது சிரித்தார். அச்சகத்தில் யாரோ அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தி, எல்லாவற்றையும் நீலமாக்கிவிட்டார்களாம். புத்தகம் கடைக்கு வந்த பிறகுதான் அவரே பார்த்தாராம். "என் சொந்தப் புத்தகத்தில்," என்றார், இரண்டு தடவை. அதற்குப் பிறகு, யாரும் திருத்த முடியாத அளவுக்குப் பெரிதாக வானத்தைத் தீட்டலாம் என்று போய்விட்டாராம்.

இதுவரை நல்லது. இனித்தான்.

என் பெயரைக் கேட்டார். தேனுகா என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். எதற்கென்று யோசிக்கவில்லை. அவர் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, தூரிகையைத் தண்ணீரில் தோய்த்தார். அந்தப் பக்கத்தில் நூலகத்தின் முத்திரை. நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, கண்ணாடி மேசையில் கிடந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிரெஞ்சு வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை, தமிழ்கூட வரவில்லை. வயதான ஆளின் கையைப் பிடிக்கலாமா? தூரிகை பக்கத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனது, முத்திரைக்கு மேலாலும். ஈரமான தேசிக்காய் நிறம். அதன் கீழே எழுதினார்: தேனுகாவுக்கு, ஓம், இந்த வானங்கள் என்னுடையவை. பெயர், திகதி.

யாரோ படம் எடுத்தார்கள். யாரோ கைதட்டினார்கள். நான் ஈரம் ஒட்டாமல் புத்தகத்தை விரித்தபடியே தூக்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அபி புத்தகத்தைப் பறித்துப் பார்த்தாள். "சீரியஸ்லி? லைப்ரரி புத்தகத்தில பெயின்ற் பண்ண விட்டனியே? அது கவர்மென்ற் ப்ரொப்பர்ட்டி. யூ ஆர் சோ டெட்."

பகிடிக்குத்தான் சொன்னாள். வரும்போது பபிள் ரீ குடித்தாள். எனக்கு இறங்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

மழை. தலையிடி என்று சொல்லிப் படுத்தேன்.

அரசாங்கச் சொத்து. அப்பாவின் கார்ட். அப்பாவின் பெயர். ஹியரிங்குக்கு இரண்டு கிழமைகூட இல்லை. சிவப்பு விளக்கில் வீதி கடக்கக் கூடாது, பஸ்ஸில் சத்தமாகப் பேசக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார். நான் அரசாங்கப் புத்தகத்தில் என் பெயரையும் திகதியையும் எழுதுவித்து, அதற்குச் சாட்சிக்கு ஆட்களையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பக்கம் காய்ந்து நெளிந்திருக்கிறது. மெத்தைக்குக் கீழே, அபியின் கெமிஸ்ற்றிப் புத்தகத்துக்கு அடியில்.

அழித்துப் பார்க்கலாமா என்று அழிறப்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன். அவருடைய வானத்தை ஏற்கனவே ஒருமுறை அழித்துவிட்டார்கள்.

அழகாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போது பயம் கொஞ்ச நேரம் போகிறது, பிறகு வருகிறது.

ஏப்ரல் 23, வியாழன்

பேசினேன். பிரெஞ்சில் பிழைகள், ஆனால் நிற்காமல் பேசினேன். எலிகள், மரக்கறி, தபால்காரி, கன்வஸ். கடைசியில் பெ.வின் அந்தப் புத்தகத்துக்கு வர்ணம் தீட்டியது லூ.தான் என்றேன்.

முன்வரிசையில் ஒருவன் கைபேசியில் தேடிவிட்டு, அப்படி எங்கும் இல்லை என்றான். மதாம் ஆதாரம் என்ன என்று கேட்டார். கோபமாக இல்லை, ஆசையாகத்தான் கேட்டார். தெரிந்தால் அவருக்கும் சந்தோஷம் என்பது முகத்தில் தெரிந்தது.

ஆதாரம் மெத்தைக்குக் கீழே இருக்கிறது. நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றியது என்றேன். மதாம் தலையை ஆட்டி ஏதோ குறித்தார்.

அவர் பெயரை நானும் ஒருமுறை இல்லாமல் செய்துவிட்டேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நடந்துவிட்டது.

கடையில் எடுத்த படத்தை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த யாரோ அந்தப் புத்தகத்தை நூலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அதனால் தவணையை நீட்ட முடியாது, உடனே திருப்பித் தரவும் என்று அப்பாவின் கைபேசிக்கு மெயில்.

பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா வேலைக்குப் போகாமல் பேஸ்மென்றில். அம்மாவும் அவரும் ஹியரிங்குக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் மெம்பர். மெம்பர் என்றால் தீர்ப்புச் சொல்பவர்; அவர் நம்பினால்தான் எங்களை இருக்க விடுவார்கள். அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்து, எப்ப வெளிக்கிட்டனீங்கள், ஏன் வெளிக்கிட்டனீங்கள் என்று கேட்கிறார். அப்பா திகதியைப் பிழையாகச் சொன்னால், "அனுப்பிப்போடுவன்," என்கிறார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அப்பா மெயிலைக் காட்டினார். கவர்மென்ற் மெயில், என்ன பிள்ளை இது என்றார். நான் மேலே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மோல் பொய்யையும்.

அடிப்பார் என்று நினைக்கவில்லை, அவர் அடிப்பதில்லை. ஆனால் முகம் சாம்பலாகிவிட்டது. எழும்பிப் போய்க் கை கழுவித் துடைத்துவிட்டு வந்து, முதல் பக்கத்தை விரலால் தொடாமல் பார்த்தார். பிறகு பாலைவனப் பக்கத்தைக் காட்டச் சொன்னார்.

"வேலை செய்தது உவ. பிறகேன் உவவின்ர பேர் போடேல்லை?"

அந்தக் காலத்தில் போடமாட்டார்களாம் என்றேன்.

"கேக்கேல்லையோ?"

தெரியாது என்றேன். அது நான் கேட்காத கேள்வி. இப்போது அதையும் யோசிக்கிறேன்.

அம்மா அழுதார். அப்பா லோயரின் ஒஃபிசுக்குப் போன் அடித்தார். அங்கே வேலை செய்யும் அன்ரி தமிழ். ஸ்பீக்கரில் போட்டதால் கேட்டது. அப்பா நடந்ததைச் சொல்லி, இதை மெம்பருக்கு அறிவிக்க வேணுமோ என்று கேட்டார். அன்ரி இருமினார். சிரிப்பை அடக்கியிருப்பார் போல.

"அண்ணை, உதை அங்க ஒருக்காலும் சொல்லிப்போடாதேங்கோ. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. விளங்குதோ?"

ஓம், ஓம் என்று அப்பா தலையை ஆட்டினார். அன்ரிக்குத் தெரியப்போவதில்லை, ஆனாலும் ஆட்டினார்.

ஏப்ரல் 29, புதன்

நூலகம். அப்பா ஹியரிங்குக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஓர் ஆங்கில வசனத்தைச் சொல்லிப் பார்த்தார்.

கவுண்டரில் இளம் பெண். அப்பா வசனத்தைச் சொல்லத் தொடங்க, பாதியில் தடுமாறினார், மிச்சத்தை நான் சொன்னேன். அவள் பக்கத்தைத் திறந்து வாசித்தாள், திரும்ப வாசித்தாள். உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். திட்டவில்லை. மேலிடத்தில் கேட்டு மெயில் போடுவோம் என்றார்கள். அதுவரை கணினியில் பழுது என்றுதான் பதிய வேண்டுமாம், வேறு கட்டம் இல்லையாம். திரையில் பார்த்தேன். அப்பாவின் பெயர், அதற்கு நேரே பழுது.

அப்பாவும் பார்த்தார். பஸ்ஸில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

இனி மெயில் எப்ப வரும்? ஹியரிங்குக்கு முதலா, பிறகா? நூலகத்தின் கணினியும் ஹியரிங்காரர்களுடைய கணினியும் ஒன்றோ? யாரிடம் கேட்பது?

மே 1, வெள்ளி

தூறல். பிறகு விட்டது.

ஹியரிங் வீடியோவில். லப்டொப்பை பேஸ்மென்றில் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். பின்னால் சுவரில் இருந்த கலண்டரை அம்மா கழற்றினார், ஏன் என்று தெரியாது. அப்பாவுக்கு மேலே கோட், கீழே சாரம். அம்மா மாற்றச் சொன்னார், மாற்றினார். என்னை முதலில் கமெராவில் பார்த்துப் பெயர் கேட்டுவிட்டு, போகலாம் என்றார்கள். நான் படியின் மேல்தட்டில் கதவுக்குப் பின்னால் இருந்தேன். பெரியம்மா குக்கர் வைக்கவில்லை, விசில் கேட்கும் என்று.

மெம்பர் பெண். ஆங்கிலத்தில் கேட்பார். மொழிபெயர்ப்பாளர் ஓர் ஆண், வேறெங்கோ இருந்து தமிழில் சொல்வார். அவர்கள் வழக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்று சொல்வதில்லை. மெம்பர் நான் என்றால் இவரும் நான் என்பார், அப்பா நான் என்றால் ஆங்கிலத்திலும் நான். அதனால் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரே ஆள் கேள்வியும் கேட்டு மறுமொழியும் சொல்வது மாதிரி இருந்தது.

நெடுநேரம். அப்பா திகதி ஒன்றையும் பிழைவிடவில்லை. சில இடத்தில் குரல் நின்றுபோனது. அங்கே நான் காதைப் பொத்தினேன். அது இங்கே எழுதுவதற்கில்லை.

கடைசியில் மொழிபெயர்ப்பாளர்: "நான் முடிவைச் சொல்வதற்கு முன், நீங்கள் வேறு ஏதாவது கூற விரும்புகிறீர்களா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம். அன்ரி சொல்லித் தந்தது. அம்மாவும் பழக்கியது.

"ஓம், ஒண்டு இருக்கு," என்றார் அப்பா.

லோயர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அப்பா நிற்கவில்லை. நூலகப் புத்தகத்தைச் சொன்னார், வர்ணத்தைச் சொன்னார், முத்திரையைச் சொன்னார். "கார்ட் என்ர பேரில. பழுது எண்டு என்ர பேரிலதான் இருக்கு. அப்பிடியே இருக்கட்டும். பிள்ளையின்ர பேரில ஏத்திப்போடாதேங்கோ. அவ ஒரு ஆளின்ர வேலையைக் கண்டுபிடிச்சவ, அவ்வளவுதான்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு தடவை நிறுத்தி, எந்தப் புத்தகம் என்று கேட்டுவிட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். மெம்பரின் தட்டச்சுச் சத்தம் நின்றது. படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இப்போது பார்த்தால் நகத்தில் வர்ணச் சிராய் ஏறியிருக்கிறது.

மெம்பர் பேசத் தொடங்கினார். நீளமாக, தாளைப் பார்த்து வாசிப்பது போல. ஆங்கிலம் எனக்கு விளங்கும். ஆனால் அந்த நேரம் ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. மொழிபெயர்ப்பாளர் செருமினார்.

"நான் நீங்கள் கூறியதை நம்புகிறேன்."

அப்பாவுக்கு விளங்கவில்லை. "எதை ஐயா? புத்தகத்தையோ?"

அது மெம்பருக்கு ஆங்கிலத்தில் போனது. மெம்பர் கொஞ்சம் சிரித்த மாதிரி ஒரு மூச்சு. ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது, பிறகு அது தமிழில்.

"எல்லாவற்றையும்."

அம்மா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பும் சத்தம். நான் கதவைத் திறந்துகொண்டு கீழே ஓடினேன்.